போனில் விளையாடிக் கணினி அறிவியல் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் பின்னேர வகுப்பொன்றில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) படிப்பிக்கிறேன். தரம் 6 தொடக்கம் உயர்தரம் வரை பிள்ளைகள் வருகிறார்கள். பாடத்தோடு சேர்த்து போன் விளையாட்டுச் செயலிகளையும் பாவிக்கிறோம். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் படலையடியில் நின்று கேட்பதும், மாணவர் இரவில் வாட்ஸ்அப்பில் கேட்பதும், மற்ற ஆசிரியர்கள் கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விளையாட்டுச் செயலி என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்றில் பாடமே விளையாட்டாக இருக்கும். லைட்பொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ரோபோவுக்கு ‘முன்னே போ, திரும்பு, பாய், விளக்கை ஏற்று’ என்று கட்டளைகளை வரிசைப்படுத்திக் கொடுத்து, நீலக் கட்டங்கள் எல்லாவற்றிலும் விளக்கேற்ற வேண்டும். கட்டளை வரிசை பிழைத்தால் ரோபோ பிழையான கட்டத்தில் நிற்கும். அங்கே யோசிக்காமல் வெல்ல முடியாது.

மற்ற வகையில் பாடம் வழமையான பாடம்தான். அதன் மேல் புள்ளி, பதக்கம், தரவரிசை, ‘தொடர்ந்து 20 நாள் படித்தாய்’ என்ற கணக்கு எல்லாம் ஒட்டியிருக்கும். சோலோலேர்ன், மிமோ போன்றவை இந்த வகை. விளையாட்டாக்கம் என்ற சொல்லுக்கு செபஸ்டியன் டெட்டர்டிங்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2011இல் தந்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது: விளையாட்டு அல்லாத இடத்தில் விளையாட்டின் கூறுகளைப் பாவிப்பது.

இரண்டும் பயன்படும். ஆனால் முதலாவது வகை கருத்தைக் கையில் தரும், இரண்டாவது வகை பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவைக்கும். எங்களுக்கு எது தேவை என்று தெரிந்துகொண்டு போனை எடுக்க வேண்டும்.

“எந்த நேரமும் போனோட இருக்கிறாள். படிக்கிறாளா விளையாடுறாளா எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கும் அம்மாவுக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு லெவல் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, “இப்ப என்ன செய்தனி? எனக்குக் கீறிக் காட்டு” என்று கேளுங்கள். பிள்ளை கட்டம் கீறி, அம்புக்குறி போட்டு, “இதில திரும்பாட்டி அந்தப் பக்கம் போயிடும் அம்மா” என்று சொன்னால் படித்திருக்கிறாள். “தெரியேல்ல, அமத்தினன், சரி வந்திட்டுது” என்றால் அது வெறும் விளையாட்டு.

நான் ஒரு செயலியைத் தெரிவு செய்யும்போதும் இதையே பார்க்கிறேன். புள்ளி எதற்குக் கிடைக்கிறது? நான்கு விடைகளில் ஒன்று பிழைத்தால் அடுத்ததை, அதுவும் பிழைத்தால் அதற்கடுத்ததை அமத்திக்கொண்டே போய் முழுப் புள்ளியும் எடுக்க முடியுமென்றால், அந்தச் செயலி அமத்துவதற்குத்தான் புள்ளி கொடுக்கிறது. எங்களிடம் வந்த ஒரு பொடியன் அப்படி ஒரு பாடத்தைக் கேள்வியை வாசிக்காமலே முடித்துக்காட்டினான். அவன் கெட்டிக்காரன். செயலி கேட்டதை, கேட்ட அளவுக்குச் செய்தான். அந்தச் செயலியை அன்றே வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

எந்த வயதுக்கு எது?

ஐந்து தொடக்கம் ஏழு வயதுக்கு ஸ்கிராச் ஜூனியர். அமெரிக்காவின் எம்ஐடியும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி 2014இல் வெளிவந்தது. இலவசம். கட்டளைகள் எல்லாம் படமாக இருப்பதால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பாவிக்கலாம். இதில் புள்ளியும் இல்லை, பதக்கமும் இல்லை. பிள்ளை தானே ஒரு கதையை அசைய வைக்கிறது. இந்த வயதுக்கு அது போதும்.

எட்டு வயதுக்குப் பிறகு லைட்பொட். அதற்குப் பிறகு, கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தும் ஸ்கிராச். ஆனால் ஸ்கிராச்சைச் சின்ன போன் திரையில் செய்வது கண்ணுக்கும் விரலுக்கும் கஷ்டம், டப்லெட்டோ கணினியோ இருந்தால் நல்லது.

உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் விரும்பிக் காட்டுவது 2015இல் வந்த ‘ஹியூமன் ரிசோர்ஸ் மெஷின்’ என்ற விளையாட்டு. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு அலுவலக ஊழியன் ஒரு பக்கத்தில் வரும் பெட்டிகளை எடுத்து, கூட்டி, கழித்து மற்றப் பக்கத்தில் வைக்கிறான். மொத்தம் 11 கட்டளைகள். அவன் கையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பிடிக்கும், மிச்சத்தை நிலத்தில் இலக்கமிட்ட கட்டங்களில் வைக்க வேண்டும். கை என்பது பதிவேடு (ரெஜிஸ்டர், அப்போதைக்கு எடுத்து வைக்கும் சின்ன இடம்), நிலம் என்பது நினைவகம். மையச் செயலி (கணினியின் சிபியூ) எப்படி வேலை செய்கிறது என்ற பாடத்தைப் பாடமாக்கி வைத்திருந்த பிள்ளைகள், “கையில இருக்கிறது அழிஞ்சிடும் ரீச்சர், முதல்ல கீழ வைக்கோணும்” என்று தாங்களே சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எந்தச் செயலியையும் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். கூகிளின் கிராஸ்ஹோப்பர் 2018இல் வந்தது. போனிலேயே ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைப் படிக்க நல்ல வழியாக இருந்தது. 2023 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதனால் செயலியில் படித்ததைப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். கொப்பியை ஒருவரும் நிறுத்த மாட்டார்கள்.

விளையாட்டில் விளங்கிய கருத்து, உண்மையான செய்நிரலுக்கு (புரோகிராமுக்கு) வருமா?

தானாக வராது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். தரம் 8 பிள்ளை ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

லைட்பொட்டில் நீலக் கட்டங்கள் வரிசையாக இருந்த ஒரு லெவல். முன்னே, விளக்கு, முன்னே, விளக்கு என்று அடுக்கிக்கொண்டு போனாள். பிரதான பெட்டியில் இடம் முடிந்தது, கட்டங்கள் இன்னும் மிச்சம். ‘முன்னே, விளக்கு’ இரண்டையும் ‘பி-1’ என்ற சிறு பெட்டிக்குள் போட்டு, பிரதான பெட்டியிலிருந்து பி-1ஐப் பல தடவை கூப்பிட்டாள். இதுவரை செய்ததுதான் சார்பு, ஆங்கிலத்தில் ஃபங்ஷன். பிறகு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பி-1இன் கடைசியில் பி-1ஐயே இழுத்து விட்டாள். “தனக்குள்ள தானே வந்தா முடியாதெல்லோ ரீச்சர்?” என்றாள். அமத்திப் பார் என்றேன். ரோபோ ஒவ்வொரு கட்டமாக ஏற்றிக்கொண்டு போய், கடைசி விளக்கு எரிந்ததும் லெவல் முடிந்தது. துள்ளினாள்.

இரண்டு கிழமை கழித்து அதே பிள்ளையைக் கணினியில் இருத்தி, பைதன் என்ற கணினி மொழியில், ஒரு எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துக் காட்டியபடி தன்னைத்தானே கூப்பிடும் சார்பொன்றை எழுதச் சொன்னேன். லைட்பொட்டில் செய்தபடியே எழுதினாள். திரை முழுக்க ஒரே எண்கள் ஓடி, கடைசியில் சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. பைதன் இப்படித் தன்னைத்தானே கூப்பிடுவதற்கு வழமையாக 1000 ஆழம் என்று எல்லை வைத்திருக்கிறது, அதைத் தாண்டினால் நிறுத்திவிடும். அவள் திரையைப் பார்த்து யோசித்துவிட்டுக் கேட்டது: “அப்ப லைட்பொட்டில ஆர் நிப்பாட்டினது?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் விளையாட்டையும் படிப்பிக்கிறேன், பைதனையும் படிப்பிக்கிறேன். லைட்பொட்டில் நிறுத்தியது விளையாட்டு. எல்லா விளக்கும் எரிந்ததும் லெவல் முடிந்துவிடும், நிறுத்தும் நிபந்தனையைப் பிள்ளை எழுதத் தேவையில்லை. பைதனில் அதை நாங்கள் எழுத வேண்டும். அவள் ‘எண் பூச்சியமானால் திரும்பு’ என்ற வரியைச் சேர்த்தாள். மீள அழைத்தல், அதாவது சார்பு தன்னைத்தானே கூப்பிடுவது, என்றால் என்ன என்று இனி ஒருவரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

புள்ளி, பதக்கம், தரவரிசை நல்லதா?

அளவோடு, கவனத்தோடு. இதில் என் பிழையையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஆய்வு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். எல்லாருமே படம் கீற விரும்பும் பிள்ளைகள். ஒரு பகுதியினரிடம் “கீறினால் சான்றிதழ் தருவோம்” என்று முதலே சொன்னார்கள். பிறகு சில நாள் கழித்துச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் விட்டுப் பார்த்தபோது, பரிசு எதிர்பார்த்துக் கீறிய பிள்ளைகள் மற்றவர்களின் பாதியளவு நேரமே கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. 2015இல் ஹானஸ், ஃபொக்ஸ் என்ற இருவர், பதக்கமும் தரவரிசையும் வைத்த ஒரு பல்கலைக்கழக வகுப்பை அவை இல்லாத வகுப்போடு 16 கிழமை ஒப்பிட்டார்கள். பதக்கம் வைத்த வகுப்பில் ஆர்வம் குறைந்தது, கடைசிப் பரீட்சைப் புள்ளியும் அதனால் குறைந்தது.

இதை நான் வாசிக்க முதலே என் வகுப்பில் கண்டேன். சுவரில் தரவரிசை ஒட்டினேன். முதல் கிழமை ஒரே கலகலப்பு. மூன்றாம் கிழமை, மேலே இருந்த நாலு பேர்தான் விளையாடினார்கள். கீழே இருந்த பிள்ளையொருத்தி வகுப்புக்கே வருவதைக் குறைத்தாள். விசாரித்தபோது, அவள் வீட்டில் ஒரு போன்தான், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் கைக்கு வரும் என்று தெரிந்தது. நான் சுவரில் ஒட்டியது யார் படித்தார்கள் என்ற வரிசையல்ல. யார் வீட்டில் போன் சும்மா இருக்கிறது என்ற வரிசை. அன்றைக்கே கிழித்துவிட்டேன், அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது புள்ளியை இரண்டு விதத்தில்தான் வைக்கிறோம். ஒன்று, பிள்ளை தன் நேற்றைய புள்ளியோடு மட்டும் போட்டி போடுவது. மற்றது, குழுவாகச் சேர்ந்து ஒரு இலக்கை எட்டுவது. கிளித்தட்டில் ஒருவன் உப்பெடுத்தாலும் முழுக் கட்சிக்கும் வெற்றி அல்லவா, அதுபோல.

“மகன் செயலியில 40 பாடம் முடிச்சிட்டான். உயர்தர ஐசிடிக்கு இது காணுமா?”

காணாது. முதலாம் பத்திரத்தின் 50 பல்தேர்வு வினாக்களுக்குச் செயலிப் பயிற்சி கொஞ்சம் உதவும். 0, 1 மட்டும் கொண்ட துவித எண்ணை வழமையான தசம எண்ணுக்கு மாற்றுவது, தர்க்கப் படலைகள் (லொஜிக் கேட்), பைதன் துண்டொன்றின் வெளியீடு என்ன என்பது போன்றவற்றில் கை வேகம் வரும். இரண்டாம் பத்திரத்தில் வெறுந்தாளில் தானே எழுத வேண்டும். போனில் தயாராக இருக்கும் சொற்களை இழுத்து இழுத்துப் பைதன் செய்த பிள்ளை, தாளில் எழுதும்போது முக்காற்புள்ளியை (:) விட்டுவிடுகிறது, உள்தள்ளலை, அதாவது வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியை, மறந்துவிடுகிறது. ஏனென்றால் செயலி அவற்றைத் தானே போட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதே செய்நிரலைக் கொப்பியில் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். கடந்தகால வினாத்தாள்களுக்குப் பதிலாக எதுவும் இல்லை.

செயலிகள் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன, தமிழ்மூலப் பிள்ளைகள் என்ன செய்வது?

கொப்பியில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் செயலியில் வரும் சொல், மறுபக்கம் எங்கள் பாடப்புத்தகச் சொல். ‘லூப்’ என்று செயலியில் வந்தால் மீள்செயல். ‘வேரியபிள்’ வந்தால் மாறி. பரீட்சை தமிழில், பிறகு வேலை ஆங்கிலத்தில். இரண்டும் தெரிந்தால் பிள்ளைக்கு நட்டமில்லை.

எங்கள் சொற்கள் சில பாடத்தையே சொல்லித் தந்துவிடும் என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். ‘லொஜிக் கேட்’டுக்கு எங்கள் புத்தகத்தில் தர்க்கப் படலை. படலை எங்கள் ஒவ்வொரு வளவின் வாசலிலும் இருக்கிறது. ஒரு ஒழுங்கையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படலை இருந்தால், இரண்டும் திறந்திருந்தால்தான் ஆள் உள்ளே போகலாம். அது ‘அன்ட்’ படலை. ஒரே வளவுக்கு முன்னாலும் பின்னாலும் படலை இருந்தால், ஏதாவது ஒன்று திறந்திருந்தால் போதும். அது ‘ஓர்’ படலை. இதை ஒருமுறை வளவில் நடந்து காட்டிவிட்டு எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு என்று காட்டும் மெய்நிலை அட்டவணையை நிரப்பச் சொன்னால், தரம் 10 பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் நிரப்புகிறார்கள். அதன் பிறகு செயலியில் உள்ள படலை விளையாட்டுகளைக் கொடுத்தால் நன்றாக ஓடும்.

வீட்டில் ஒரு போன்தான். டேட்டாவும் காணாது. என்ன செய்யலாம்?

லைட்பொட் போன்றவை ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே ஓடும். வகுப்பு வைஃபையில் இறக்கிக் கொடுக்கிறோம். நெடுந்தீவிலிருந்து வரும் பிள்ளை குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸிலும் செய்யலாம்.

போனே இல்லாவிட்டாலும் நிறையச் செய்யலாம். நியூசிலாந்தின் கன்டபரி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘சிஎஸ் அன்பிளக்ட்’ என்ற திட்டம் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிப்பதற்கானது. அதில் ஒரு விளையாட்டை நாங்கள் கடைக் கலண்டர் மட்டையை வெட்டிச் செய்கிறோம். ஐந்து மட்டை. வலப்பக்கம் தொடங்கி 1, 2, 4, 8, 16 புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு மட்டையுடன் வரிசையாக நிற்பார்கள். மட்டையைக் காட்டினால் 1, மறைத்தால் 0. “பத்தொன்பது” என்று கத்தினால் 16, 2, 1 வைத்திருப்பவர்கள் காட்ட வேண்டும்: 10011. ஐந்து மட்டையில் 0 தொடக்கம் 31 வரை காட்டலாம். அதையே விரல்களில் செய்தால் ஒரு கையில் 31, இரண்டு கையில் 1023 வரை எண்ணலாம். 2022இல் கரண்ட் மணிக்கணக்காக நின்ற காலத்தில் பலர் இப்படித்தான் துவித எண் படித்தார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

எங்கள் வகுப்பில் ஒரு பாடத்துக்கு 15 நிமிடம் போன், மிச்சம் தாளும் பேச்சும். வீட்டில் 20 நிமிடம் போதும். சில செயலிகளில் பிழை விட விட ‘இதயம்’ குறையும்; இதயம் முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்று செயலி சொன்னால் விட்டுவிடுங்கள். காசு கொடுத்து இதயம் வாங்க வேண்டாம்.

பெயர் பதியும் இடத்தில் பிள்ளையின் உண்மைப் பெயரையோ படத்தையோ பாடசாலைப் பெயரையோ போட விடாதீர்கள்.

நானே தமிழில் ஒரு செயலி செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது எனக்குப் பெரிய சந்தோஷம். எம்ஐடியின் அப் இன்வென்டரில் தொடங்கலாம். இலவசம், கட்டைகளை இழுத்துப் பொருத்தியே அன்ட்ரொய்ட் செயலி செய்யலாம்.

எதைச் செய்வது என்று கேட்டால், வரி அடுக்கும் புதிரைச் செய்யுங்கள் என்பேன். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பற்றீசியா ஹேடன் இருவரும் 2006இல் அறிமுகப்படுத்தியது. சரியான செய்நிரலொன்றின் வரிகளைக் குலைத்துக் கொடுத்தால், மாணவர் அவற்றை ஒழுங்காக அடுக்க வேண்டும். தட்டச்சு தேவையில்லை, சின்னத் திரைக்குப் பொருந்தும், ஆனால் யோசிக்காமல் முடிக்க முடியாது. உள்தள்ளலையும் பிள்ளையே செய்யும்படி வையுங்கள். பிழைத்தால் ‘பிழை’ என்று மட்டும் சொல்லாமல், பிள்ளை அடுக்கியபடியே ஓட்டிக் காட்டுங்கள். ரோபோ கிணற்றுக்குள் விழட்டும், பிள்ளை பார்த்துத் திருத்தும்.

உதாரணங்களை ஊரில் எடுங்கள். குறுகிய பாதை காணும் வழிமுறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். அதைப் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு இரண்டு வழியைக் கொடுங்கள். கோப்பாய், வல்லைவெளி, நெல்லியடி ஊடாக ஒன்று, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை ஊடாக மற்றது. ஒவ்வொரு துண்டுக்கும் நிமிடத்தைப் போட்டு, வல்லைவெளியில் வெள்ளம் நின்றால் எது குறுகியது என்று கேளுங்கள். பிள்ளை எடை மாறும் வரைபை, அதாவது துண்டுகளின் நிமிடம் மாறும் பாதைப் படத்தை, தன் பஸ் பயணமாக விளங்கிக்கொள்ளும்.

பொத்தான்களில் தமிழ்ச்சொல் நீளமாக வரும் என்பதை முதலே கணக்கெடுங்கள். ‘செய்நிரலாக்கம்’ இரண்டாக உடைந்து நிற்கும் திரையைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

“ரீச்சர், எல்லா லெவலும் முடிச்சிட்டன். இனி என்ன?”

இனி நீ லெவல் செய். சதுரக் கொப்பியில் கட்டம் கீறி, ரோபோ எங்கே தொடங்குகிறது, எங்கே விளக்கு என்று போடு. தாளின் பின்பக்கம் உன் விடையை முதலே எழுது, எத்தனை கட்டளை என்றும் எழுது. பிறகு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு. அவர் உன்னிலும் குறைந்த கட்டளையில் முடித்தால் அவருக்கு வெற்றி.

போன கிழமை தரம் 9 பொடியன் ஒருவன் பின்பக்கம் விடை எழுதாமலே ஒரு லெவல் கொண்டுவந்தான். மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டம். ரோபோ மேல் வரிசையின் நடுக் கட்டத்தில் நிற்கிறது. மேல், கீழ், இடம், வலம் மட்டும் நகரலாம். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒரு தடவை மிதித்து ஒன்பதையும் முடிக்க வேண்டும். வகுப்பே இருந்து பார்த்தது, ஒருவருக்கும் வரவில்லை. மூலையில் தொடங்கினால் உடனே வருகிறது, அவன் சொன்ன மேல் வரிசை நடுக் கட்டத்தில் தொடங்கினால் எப்போதும் ஒரு கட்டமாவது மிஞ்சுகிறது. “எனக்கும் வரேல்ல ரீச்சர், அதுதான் கொண்டந்தனான்” என்றான். செஸ் பலகை மாதிரிக் கட்டங்களைக் கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறித் தீட்டி, எத்தனை கறுப்பு எத்தனை வெள்ளை என்று எண்ணிப் பார், ஏன் முடியாது என்று எழுதிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.